இல்லாத மாட்டின் இரண்டாவது ஊசி

இல்லாத மாட்டுக்கு இரண்டாவது ஊசி போட வேண்டிய நாள் வந்துவிட்டது.

"கம்ப்யூட்டர்ல செவப்பா மின்னுது சார்," என்றார் அட்டெண்டர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கித் திரையைப் பார்த்தவர், அதே கண்ணாடிக்கு மேலாக டாக்டரின் நாற்காலிப் பக்கம் பார்த்தார். "கடைசி வீட்டுப் பசு. கோமாரி ஊசி பாக்கின்னு வருது."

"அந்தப் பசுதான் கிடையாதே."

"நமக்குத் தெரியும் சார். கம்ப்யூட்டருக்குத் தெரியாதே."

விஷயம் இதுதான். ஊரிலுள்ள மாடு ஒவ்வொன்றின் காதிலும் எண் போட்ட மஞ்சள் வில்லை மாட்ட வேண்டும். எந்த மாட்டுக்கு எந்த ஊசி போட்டாயிற்று என்று தலைமை அலுவலகம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டும். நோய் எங்கே கிளம்பினாலும் அங்கேயே அமுக்கிவிட வேண்டும் என்று மேலிடத்தில் ஒரு திட்டம் போட்டார்கள். நல்ல திட்டம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அனுப்பிய வில்லை அத்தனையும் ஏதாவது ஒரு காதில் ஏறியாக வேண்டும் என்று ஒரு உத்தரவையும் கூடவே அனுப்பிவிட்டார்கள்.

எல்லா மாட்டுக்கும் மாட்டி முடித்தபோது ஒரு வில்லை மிஞ்சியது. திருப்பி அனுப்பலாம் என்றால் ஏன் மிஞ்சியது, எந்த மாடு குறைகிறது, குறைந்த மாடு எங்கே போனது என்று விளக்கம் கேட்டே உயிரை வாங்கிவிடுவார்கள். "ஒரு மாட்டை எழுதிப் போடுய்யா, தொல்லை விட்டது," என்றார் டாக்டர். அட்டெண்டர் எழுதினார். கடைசி வீடு, செவலைப் பசு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, வலது கொம்பு கொஞ்சம் உள்பக்கம் வளைந்தது, சாது. சாது என்பது டாக்டர் சொன்னதில்லை. அட்டெண்டருக்கு எழுத ஆரம்பித்துவிட்டால் கை நிற்காது, அவ்வளவுதான். மிஞ்சிய வில்லை மேசை டிராயருக்குள் போனது.

டாக்டரைப் பற்றியும் இந்த இடத்தில் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். வேலையில் அவரைப் போல ஒரு மனிதரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. ஒரு நாள் லீவு எடுத்ததில்லை. தலைவலி, ஜுரம் என்று படுத்ததில்லை. மாற்றல் வேண்டும் என்று யார் வீட்டு வாசலிலும் போய் நின்றதில்லை. அவர் சொல்லச் சொல்ல அட்டெண்டர் ஒற்றை விரலால் தட்டுவார்; கையெழுத்தையும் அட்டெண்டரே போட்டுவிடுவார், அதிகாரிக்கு எதற்கு அந்தச் சிரமம். யாராவது வந்து டாக்டர் எங்கே என்று கேட்டால், டாக்டர் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போதே, "ரவுண்ட்ஸ் போயிருக்காரு" என்று அட்டெண்டர் கூசாமல் சொல்வார். வந்தவர்களும் மறுபேச்சுப் பேசாமல் போய்விடுவார்கள். இப்படி ஒரு விசுவாசமான ஆள் எந்த அதிகாரிக்கு வாய்க்கும் என்று டாக்டருக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

"மத்த மாட்டுக்கெல்லாம் ரெண்டாவது ஊசி?" என்று கேட்டார் டாக்டர்.

"அதெல்லாம் போன வாரமே போட்டாச்சுன்னு எழுதிட்டேன் சார். இது ஒண்ணுதான் கண்ணுல படாம போச்சு."

"எழுதினது இருக்கட்டும். போட்டாச்சா?"

"எழுதியாச்சு சார்."

டாக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. சில கேள்விகளைக் கேட்காமல் இருப்பதுதான் அலுவலகத்தில் நிம்மதியாக இருக்க வழி என்பது அவர் கொள்கை.

"சரி, இதுக்கும் போட்டாச்சுன்னு எழுது."

அட்டெண்டர் தட்டினார். சிவப்பு மறைந்து பச்சை வந்தது. அந்த நிமிஷம், டாக்டரின் முதுகுக்குப் பின்னால் ஏதோ அசை போட்டது.

நிதானமாக, ஈரமாக, அவசரமே இல்லாத ஒரு சத்தம். நடுப்பகல். ஆஸ்பத்திரியில் வேறு யாரும் இல்லை. டாக்டர் திரும்பிப் பார்த்தார். மருந்து அலமாரி இருந்தது, கண்ணாடிப் புட்டிகள் இருந்தன, சுவர் இருந்தது.

"கேட்டுச்சாய்யா?"

"என்ன சார்?"

"மாடு அசை போடற சத்தம்."

"மாட்டு ஆஸ்பத்திரியில மாடுதான் சார் அசை போடும். நாமளா போடுவோம்?"

"வாசல்ல மாடு எதுவும் இருக்கா பாரு."

அட்டெண்டர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மாட்டை நிறுத்தி ஊசி போடுகிற மரக்கூண்டு வெயிலில் வெறுமனே நின்றுகொண்டிருந்தது. "ஈ காக்கா இல்லை சார்," என்றார்.

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசியது ஒரு மேடம். அட்டெண்டர் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

"ஊசி ஒழுங்கா வேலை செஞ்சிருக்கான்னு பார்க்க ஊருக்கு ஒரு மாட்டோட ரத்தம் எடுக்கறோம். உங்க ஊர்ல கடைசி வீட்டுப் பசு. குலுக்கல்ல வந்திருக்கு."

டாக்டர் அவசரமாகக் கையை ஆட்டினார். அட்டெண்டர் புரிந்துகொண்டு, "வேற மாடு குடுத்தா ஆகாதா மேடம்?" என்றார்.

"வேற மாடு குடுத்தா அப்புறம் குலுக்கல் எதுக்கு?" மேடம் போனை வைத்துவிட்டார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இல்லாத மாட்டுக்கு ஊசி போடலாம், கஷ்டமில்லை. இல்லாத மாட்டிலிருந்து ரத்தம் எப்படி எடுப்பது?

"என் மச்சான் வீட்டுல ஒரு காளை நிக்குது சார்," என்றார் அட்டெண்டர் கடைசியில். "வெளியூர் டாக்டரைக் கூட்டிட்டு வந்து ஊசியெல்லாம் சரியா போட்டு வெச்சிருக்கான்."

"உள்ளூர்ல நான் ஒருத்தன் இருக்கும்போது வெளியூர் டாக்டர் எதுக்காம்?"

அட்டெண்டர் இருமினார். "அவன் ஒரு மாதிரி சார். விடுங்க."

"பசுவுக்குப் பதிலா காளைன்னு தெரிஞ்சிடாது?"

"ரத்தத்துக்குக் கொம்பா இருக்கு சார்?"

காளையின் ரத்தம் பசுவின் பெயரில் போனது. முடிவு வந்தபோது மேடத்தின் குரலே மாறியிருந்தது. "இப்படி ஒரு எதிர்ப்புச் சக்தியை நாங்க எங்கேயுமே பார்க்கலை. உங்க ஊரைப் பாதுகாப்பான ஊர்னு அறிவிச்சாச்சு. உங்களுக்குன்னு அவசரத்துக்கு ஒதுக்கி வெச்சிருந்த மருந்தை வேற ஊர்களுக்கு அனுப்பறோம். டாக்டருக்கு என் பாராட்டைச் சொல்லிடுங்க."

"இதோ சொல்லிடறேன் மேடம்," என்றார் அட்டெண்டர்.

டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஜன்னல் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

மரக்கூண்டுக்குள் ஒரு பசு நின்றது. செவலை. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. வலது கொம்பு உள்பக்கமாக வளைந்திருந்தது. காதில் மஞ்சள் வில்லை வெயில் பட்டு மினுங்கியது. பட்டப்பகலில், சுற்றிலும் வெள்ளை வெயில் காய்ந்துகொண்டிருக்க, அந்தப் பசுவுக்குக் கீழே மட்டும் நிழல் இல்லை. அது டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தது. முறைக்கவில்லை. ரொம்ப நாள் பழகியவரைப் பார்ப்பது போலப் பார்த்தது.

"அட்டெண்டர், அந்த வில்லை டிராயருக்குள்ள இருக்கா பாரு."

அட்டெண்டர் இழுத்துப் பார்த்தார். "பத்திரமா இருக்கு சார்."

"அப்ப அது காதுல இருக்கறது என்ன?"

"எது காதுல?"

"கூண்டுல நிக்குதே, அது காதுல."

அட்டெண்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு ரொம்பப் பரிவாகச் சொன்னார்: "சார், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சா நல்லதில்லை சார்."

அதற்கப்புறம் பசு தினமும் வந்தது. முதலில் கூண்டு வரை. பிறகு வராந்தா வரை. ஒரு நாள் டாக்டர் ஏதோ யோசனையில் உட்கார்ந்திருந்தபோது பின்கழுத்தில் மூச்சுப் பட்டது. மாட்டு மூச்சு கதகதப்பாக இருக்கும். இது பாறை இடுக்கிலிருந்து வரும் காற்றைப் போலச் சில்லென்று இருந்தது. புல் வாசனை இல்லை, சாணி வாசனை இல்லை, எந்த வாசனையும் இல்லை. டாக்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இதுக்கு ஒரு முடிவு கட்டியாகணும்," என்றார். "செத்துப்போச்சுன்னு எழுதிடு."

"பாவம் சார். சாது."

"சாதுன்னு நீதானய்யா எழுதினே. எழுது சொல்றேன்."

அட்டெண்டர் மனசில்லாமல் தட்டினார். பசு அலமாரி ஓரத்தில் நின்றபடி டாக்டரைப் பார்த்தது. அதன் கண் ஓரம் ஈரமாக இருந்ததைப் பார்த்து டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செத்துப்போனால் போய்விடும் என்று அவர் நினைத்தார். போகவில்லை. பசு படுத்துக்கொண்டது, அவ்வளவுதான். அவர் நாற்காலிக்கும் மேசைக்கும் நடுவில், நடைவழியை அடைத்துக்கொண்டு, கால் நான்கையும் விறைத்து நீட்டிப் படுத்துக்கொண்டது. அட்டெண்டர் அதைச் சர்வசாதாரணமாக மிதித்துக்கொண்டு போய் வந்தார்.

போதாததற்கு மேடத்தின் போன் வேறு. "ஊசி போட்ட மாடு திடீர்னு செத்தா சும்மா விட முடியாது. புதைச்ச இடத்தைத் தோண்டணும். காரணம் தெரியற வரைக்கும் அந்தத் தெருவுல இருந்து மாடும் வெளியே போகக் கூடாது, பாலும் வெளியே போகக் கூடாது."

உத்தரவு வந்த அன்றைக்கே பால்காரம்மா ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். அந்தத் தெருக்காரி. இரண்டு பசுவையும் ஒரு கன்றையும் வைத்துக் குடும்பத்தைத் தள்ளுகிறவள். நேராக அட்டெண்டர் முன்னால் வந்து நின்றாள். டாக்டர் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை. கோபம் போலிருக்கிறது என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

"அண்ணே, கடைசி வீட்டுல என்னைக்கு மாடு இருந்துச்சு? அந்த வீட்டுல மனுஷங்களே இல்லை. பூட்டிக் கிடக்குது. அங்க எந்த மாடு செத்துச்சுன்னு என் பாலை நிறுத்தறீங்க?"

"விசாரிக்கறோம்மா."

"நீங்க விசாரிச்சு முடிக்கறதுக்குள்ள நாங்க பட்டினி கிடந்து செத்துடுவோம்."

அவள் போனதும் டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அவர் பொல்லாதவர் இல்லை. யார் வயிற்றிலும் அடிக்க வேண்டும் என்று அவர் நினைத்ததே இல்லை. ஒரு வில்லை மிஞ்சிவிட்டது, அவ்வளவுதானே.

"உயிரோட இருக்குன்னு மாத்திடு."

"செத்ததை எப்படி சார்?"

"தவறுதலா இறந்துட்டதுன்னு எழுது."

அட்டெண்டர் அப்படியே எழுதினார். கீழே கிடந்த பசு முன்னங்காலை மடித்து, ஒரு உதறு உதறி எழுந்து நின்றது. தலைமை அலுவலகம் இதையும் ஏற்றுக்கொண்டது என்பதுதான் ஆச்சரியம். அதோடு விடாமல், செத்த நிலைக்குப் போய் மீண்ட மாடு என்று ஒரு குறிப்பு எழுதி, ஊசியின் மகிமைக்கு உதாரணமாக எல்லா ஊருக்கும் அனுப்பி வைத்தது.

பால் மறுபடி வெளியே போனது. நாலு நாள்கூடப் போயிருக்காது, பால்காரம்மா தன் பெரிய பசுவை ஓட்டிக்கொண்டு வந்தாள். ஓட்டிக்கொண்டு என்றா சொன்னேன், இழுத்துக்கொண்டு. பசு ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தது. வாயிலிருந்து நுரை நூல் நூலாகத் தொங்கியது.

"ரெண்டு நாளா வாயில ஒண்ணும் வைக்கலைண்ணே. நாக்கெல்லாம் புண்ணு. குளம்பு நடுவுலயும் வெடிச்சிருக்கு. இப்பக் கன்னுக்குட்டியும் மூஞ்சியைத் தொங்கப்போட்டுட்டு நிக்குது." அவள் குரல் உடைந்தது. "கோமாரிதானே இது? அதுக்குத்தானே காதைக் குத்தி வில்லை மாட்டினீங்க? மாட்டுனதோட சரி, ஊசி போட ஒருத்தரும் வரலையே."

டாக்டர் வராந்தாவுக்கு ஓடி வந்தார். எத்தனை நாளைக்கப்புறம் ஒரு நிஜமான நோயைப் பார்க்கிறார். பசுவின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து பார்க்கக் கையை நீட்டினார். பசு அசையவில்லை. காதை ஆட்டவில்லை. அவர் கைக்கு அந்தப் பக்கம் எதையோ பார்ப்பது போல அவர் ஊடாகவே பார்த்துக்கொண்டு நின்றது. வலி முற்றிப்போய் மரத்துவிட்டது போலிருக்கிறது என்று டாக்டருக்கு மனசு துடித்தது. செவலை மட்டும் அவர் பின்னாலேயே வந்து, அவர் தோளில் மோவாயை வைத்துக்கொண்டது. முதல் முறையாக அவருக்கு அது பயமாக இல்லை.

"இதைத் தனியா கட்டச் சொல்லு. மத்த மாட்டோட தண்ணித் தொட்டிக்கு விட வேண்டாம்," என்றார். அட்டெண்டர் அதை அப்படியே பால்காரம்மாவிடம் சொன்னார். "மேடத்துக்குப் போன் போடு. அவசர மருந்து கேளு. இது பரவினா ஒரு தெருவோட நிக்காது," என்றார் டாக்டர்.

மேடம் சிரித்தார். "உங்க ஊர்ல கோமாரியா? எல்லா மாட்டுக்கும் ரெண்டு ஊசி போட்டிருக்கீங்க. கடைசி வீட்டுப் பசுவோட ரத்தம் இருக்கு எங்ககிட்ட. செத்தே எழுந்திரிச்ச மாடு. அந்த ஊர்ல கோமாரி வர வாய்ப்பே இல்லை. வேற ஏதாவது வாய்ப்புண்ணா இருக்கும். மருந்து தர முடியாது."

ஸ்பீக்கரில் வந்ததைப் பால்காரம்மாவும் கேட்டாள். அப்படியே வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய பசு அவள் தலைக்கு மேலே நுரை ஒழுக நின்றது.

டாக்டரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பாராட்டு போகட்டும், நல்ல பெயர் போகட்டும். 'போட்டாச்சா' என்ற கேள்வியை அன்றைக்கே விடாமல் கேட்டிருந்தால் இந்தப் பசு இப்படி நின்றிருக்காது.

"மேடத்துக்குத் திருப்பிப் போடு. உண்மையைச் சொல்லிடு. கடைசி வீட்டுப் பசுவே கிடையாது, ரத்தம் காளையோடது, ஊசி ஒண்ணும் போடலைன்னு சொல்லு. இந்த ஆஸ்பத்திரியில இல்லாதது எதுவும் இனிமே கணக்குல இருக்க வேண்டாம்."

அட்டெண்டரின் முகம் வெளுத்தது. "சார், வேணாம் சார். ஒண்ணைப் பிடிச்சு இழுத்தா அடுத்தது வரும்."

"வரட்டும்."

"உங்களுக்குப் புரியலை சார்."

"எனக்கு எல்லாம் புரியுது. என் தலைதானே போகும்? போகட்டும். போடுய்யா."

அட்டெண்டர் நாற்காலிப் பக்கம் வெகுநேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். சொன்னார். ஒன்றுவிடாமல் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து முதலில் வசவு. அதன் பிறகு விசைப்பலகை தட்டும் சத்தம். "கடைசி வீட்டுப் பசுவை அழிச்சாச்சு," என்றார் மேடம்.

செவலை டாக்டரின் தோளிலிருந்து தலையை எடுத்தது. முதலில் கொம்பு போனது. பிறகு சுட்டி, முதுகு, கால்கள். கடைசியில் கண் இரண்டு மட்டும் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று அவரைப் பார்த்தன. பிறகு வெறும் வெயில். தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட வேண்டியவர், கூடப்பிறந்ததைப் பறிகொடுத்தவர் போல அழுதார்.

"சரி, கேளுங்க," என்றது போன். மேடத்தின் குரல் இறங்கியிருந்தது. "நிஜமாவே கோமாரின்னா ஒரு நிமிஷம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. மருந்தை இப்பவே அனுப்பறேன். அது வந்து சேர்ற வரைக்கும் டாக்டர் அந்த மாட்டை விட்டு நகரக் கூடாது. போனை டாக்டர்கிட்ட குடுங்க."

"டாக்டர் ரவுண்ட்ஸ்..." என்று ஆரம்பித்த அட்டெண்டருக்கு வாய் குழறியது.

"எப்பப் பார்த்தாலும் ரவுண்ட்ஸா? இவ்வளவு நேரம் பக்கத்துல யார்கிட்டயோ சார் சார்னு பேசிட்டிருந்தீங்களே. குடுங்க அவர்கிட்ட."

அட்டெண்டர் போனை டாக்டர் பக்கம் நீட்டினார். டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, "வணக்கம் மேடம், நான்தான் டாக்டர் பேசறேன்," என்றார்.

"ஹலோ," என்றார் மேடம். "ஹலோ. யாரும் பேசலையே."

"பேசறேன் மேடம்," என்று டாக்டர் குரலை உயர்த்தினார். "இங்கதான் இருக்கேன்."

"ஹலோ. லைன்ல யாருமே இல்லையா?"

படியில் உட்கார்ந்திருந்த பால்காரம்மா எழுந்து வந்தாள். புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காற்றில் போனை நீட்டியபடி நின்ற அட்டெண்டரின் கையை மெல்லப் பிடித்து இறக்கினாள். போன் அணையவில்லை, அவள் பேசியது மேடத்துக்கும் கேட்டிருக்கும்.

"மாட்டை அழிச்ச கையோட, ஆஸ்பத்திரியை மூடிடுவாங்களோன்னு பயந்து கணக்குல நீங்களா ஒரு டாக்டரை எழுதி வெச்சீங்களே, அவரையும் அழிச்சிடச் சொல்லுங்கண்ணே, அப்பவாவது இந்தக் காலி நாற்காலிக்கு நெசமா ஒருத்தரை அனுப்புவாங்க."